பச்சைக் குடைத் திருடன்

இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் மனைவியிடம் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை என்று நம்மவருக்கு ஒரு பெருமை உண்டு. உண்மையில் அவருக்குப் பொய் சொல்ல வராது. வராததற்குப் பெருமை என்று அவரே பெயர் வைத்துக்கொண்டார். அந்தப் பெருமைக்கு ஒரு முடிவு கட்டுவது என்று வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு, நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவே இருக்கும்போது அவர் தீர்மானம் செய்தார்.

அவர் லிப்ட் மெக்கானிக். அவருக்குப் பெரிய யோசனைகள் எல்லாம் லிப்ட்டின் தலைமேல் உட்கார்ந்திருக்கும்போதுதான் வரும். அங்கே பகலிலும் மங்கல். கம்பிவடங்கள் மெல்ல முனகும். எங்கோ ஒரு மாடியில் யாரோ சிரிப்பது, கதவு சாத்துவது, தட்டச்சு சத்தம் எல்லாம் தண்ணீருக்கு அடியில் கேட்பது போலக் கேட்கும். கிரீஸ் வாசனையில் கண்கள் தானாகச் செருகும். குனிந்தால் சட்டைப் பையிலிருந்து போன் குழிக்குள் விழும். வருடத்துக்கு ஒரு போனை இப்படிக் காணிக்கை கொடுத்துக் கொடுத்து, எந்த அலுவலகத்தில் நம்பர் கேட்டாலும் மனைவியின் நம்பரையே எழுதிக் கொடுப்பது அவர் வழக்கமாகிவிட்டது.

இருபத்தாறு வருடமாக மேலே போகிறார், கீழே வருகிறார். வேறு திசை கிடையாது. ஒரு மனிதன் வாழ்க்கையில் ஒரு தடவையாவது பக்கவாட்டில் போக வேண்டாமா? அதுவும் அவசரமில்லாமல், பொத்தான் அழுத்தாமல், யாரும் 'எப்ப சரியாகும்?' என்று கேட்காமல்? இந்த ஏக்கம் முற்றி, அவருடைய கனவில் ஒரு படகாக மாறியிருந்தது. கனவில் அவர் படகை ஓட்டுவதில்லை. படுத்திருப்பார். மேகம் போகும். படகும் போகும். இரண்டில் எது போகிறது என்று தெரியாமல் அவரும் போவார்.

போன ஞாயிற்றுக்கிழமை முடி வெட்டிக்கொள்ளப் போன இடத்தில், கண்ணாடி ஓரத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. படகு விற்பனைக்கு.

"யாரோட படகு?" என்று கழுத்தில் துணியோடு கேட்டார்.

"என்னோடதுதான். முட்டி ஒத்துழைக்கலை. ஏரியில சும்மா கிடக்கு" என்றார் சலூன்காரர். "நீலக் கலர். ரெண்டு பேர் உட்காரலாம். ஒருத்தர்னா படுக்கலாம்."

அந்தக் கடைசி வார்த்தையில் வியாபாரம் முடிந்துவிட்டது. சலூன்காரர் விலை சொன்னதையோ, எழுபது வயதில் முப்பத்திரண்டு பல்லும் தெரிய அழகாகச் சிரித்ததையோ நம்மவர் கவனிக்கவில்லை. அவர் ஏற்கெனவே படுத்துவிட்டார்.

பணத்தை பெட்ரோல் பங்க் ஓரத்து ஏ.டி.எம்.மில் திங்கள், செவ்வாய், புதன் என்று மூன்று நாளாக எடுத்தார். ஒரே நாளில் அவ்வளவையும் கொடுக்க அந்த மெஷினுக்கு மனசில்லை. "ரசீதும் துடுப்பும் ஞாயித்துக்கிழமை ஏரிக்கரையில வாங்கிக்குங்க" என்றார் சலூன்காரர். எல்லாம் சுபம். ஒன்றைத் தவிர. அது ஜன்னலுக்கென்று சேர்த்த பணம்.

அதைச் சொல்லியாக வேண்டும். அவர் மனைவி பல் செட் செய்பவள். தெருவில் 'பல்லுக்காரம்மா' என்றால்தான் தெரியும். டாக்டர்கள் அனுப்பும் அச்சை வைத்து மெழுகில் பல் நட்டு, தேய்த்து, பளபளப்பாக்கி, பொக்கை வாய்களுக்குச் சிரிப்பு செய்து அனுப்புவது அந்த அம்மாளின் தொழில். வேலை செய்யும் அறையில் வெளிச்சம் கிடையாது. பல்லின் நிறத்தைப் பகல் வெளிச்சத்தில்தான் பொருத்திப் பார்க்க முடியும் என்பதால், ஒவ்வொரு பல்லையும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடி ஓடி வருவாள். ஒரு வருடத்துக்கு முன்பே சுவரில் சாக்பீஸால் ஒரு கட்டம் போட்டுவிட்டாள். இங்கே ஜன்னல். போன மாதம் அந்தக் கட்டத்துக்கு மேல் ஒரு திரையும் தைத்து மாட்டினாள். ஜன்னல் இல்லாத சுவரில் திரை மட்டும் தொங்குகிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் நம்மவருக்கு நெஞ்சில் சுருக்கென்றது. ஆனால் படகைப் பார்த்தபோது சுருக்கென்றது காணாமல் போய்விட்டது. அவர் கெட்டவர் இல்லை. மேகத்தைப் பார்த்துக்கொண்டு நடப்பவர், அவ்வளவுதான்.

வியாழக்கிழமை அவர் வேலை பார்த்த கட்டடத்தின் தரைத்தளத்தில் ஒரு வங்கி இருந்தது. லிப்ட் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு பெரிய தாள். 'உங்கள் கார்டு உங்கள் கையில். உங்கள் பணம் யார் கையில்?' நம்மவர் ஸ்பேனரோடு நின்று படித்தார். கார்டு செருகும் இடத்தின் மேல் திருடர்கள் அதே மாதிரி ஒரு போலி மூடியை ஒட்டிவைப்பார்களாம். கார்டு நுழையும்போது அதிலுள்ள விவரத்தை அது நகல் எடுத்துக்கொள்ளுமாம். ரகசிய எண்ணைப் பார்க்க மேலே கடுகளவு கேமரா இருக்குமாம். ஆகவே மூடியைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள், நிறம் மாறியிருக்கிறதா, பசை தெரிகிறதா, ஓரம் சரியாகப் பொருந்துகிறதா என்று பாருங்கள், எண்ணை அழுத்தும்போது இன்னொரு கையால் மறையுங்கள், தனியாகக் கிடக்கும் மெஷினைவிட வங்கிக்குள் இருக்கும் மெஷின் நல்லது. அதற்குக் கீழே இருந்த வரிகளை ஒரு பூந்தொட்டிச் செடி மறைத்துக்கொண்டிருந்தது. நம்மவர் செடியை விலக்கவில்லை. படித்ததே போதும் என்று நினைத்தார்.

லிப்ட்டின் தலைமேல் போய் உட்கார்ந்ததும் தீர்மானம் தானாக வந்து மடியில் அமர்ந்தது. ஜன்னல் பணத்தைத் திருடன் எடுத்துவிட்டான். பாவம், யார் மேலும் தப்பில்லை.

அதோடு விட்டிருந்தால் பிழைத்திருப்பார். மதியம் வரை அந்த மங்கலில் திருடனைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தார். திருடனுக்கு ஒரு பச்சைக் குடை கிடைத்தது. சோகமான கண் கிடைத்தது. இடது காலைக் கொஞ்சம் சாய்த்து நடக்க ஆரம்பித்தான். மூன்று மணிக்கெல்லாம் நம்மவருக்கு அவன்மேல் பிரியமே வந்துவிட்டது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது மனைவி ஒரு கடைவாய்ப் பல்லை மெழுகில் நட்டுக்கொண்டிருந்தாள். அலமாரி நிறையப் பல் செட்டுகள். எல்லாம் அவரைப் பார்த்துச் சிரித்தன.

"நம்ம கார்டை யாரோ நகல் எடுத்துட்டாங்க" என்றார்.

அவள் நிமிரவில்லை. "கார்டு உங்க பையிலதானே இருக்கு?"

"அதான் சூட்சுமம். கார்டு நம்மகிட்டயே இருக்கும். அதுக்குள்ள இருக்கறது மட்டும் வெளிய போயிடும். கார்டு நுழையற வாய்க்கு மேல இன்னொரு வாய் ஒட்டி வெச்சிருப்பான்."

"பின் நம்பர் எப்படித் தெரியும் அவனுக்கு?"

"மேல கடுகு சைசுல ஒரு கேமரா."

"நீங்க கையால மறைக்கலையா?"

"எப்பவும் மறைப்பேனே. அன்னிக்கு மட்டும் மறைக்கலை."

"என்னிக்கு?"

"திங்கள், செவ்வாய், புதன்."

"அன்னிக்கு மட்டும்னு சொல்லிட்டு மூணு நாளைச் சொல்றீங்க."

"மழை வர்ற மாதிரி இருந்துச்சு. மூணு நாளும்."

அவள் பல்லைத் திருப்பிப் பார்த்தாள். "எவ்வளவு போச்சு?"

நம்மவர் தொங்கும் திரையைப் பார்த்தார். "ஜன்னல் போச்சு. கம்பி போச்சு. கதவு போச்சு. சுவர் மட்டும் இருக்கு."

அவள் அழுவாளோ, கத்துவாளோ என்று அவர் காத்திருந்தார். அவள் மெழுகுக் கத்தியைத் துடைத்து வைத்தாள். "ஆள் யாருன்னு ஏதாவது தெரியுமா?" என்று கேட்டாள்.

தெரியாது என்று சொல்ல வேண்டிய இடம். ஆனால் காலையிலிருந்து கூடவே இருந்த மனுஷனைத் தெரியாது என்று சொல்ல நம்மவருக்கு மனம் வரவில்லை.

"பச்சைக் குடை வெச்சிருப்பான். இடது காலைச் சாய்ச்சு நடப்பான். கண்ணுல ஒரு சோகம். தண்ணின்னா ரொம்பப் பிரியம்."

"நீங்க பார்த்தீங்களா அவனை?"

"சேச்சே, பார்க்கலை."

"பார்க்காமலே கண்ணுல சோகம் தெரிஞ்சுச்சா?"

"குடையிலேயே தெரிஞ்சுச்சு."

"தண்ணின்னா பிரியம்னு எப்படித் தெரியும்?"

"குடை வெச்சிருக்கான்ல?"

"தண்ணி பிடிக்காதவன்தாங்க குடை பிடிப்பான்" என்றாள் அவள். பிறகு எழுந்து செருப்பை மாட்டினாள். "இருங்க, பையை எடுத்துட்டு வரேன். அந்த மெஷினைப் பார்த்துட்டு வந்துரலாம்."

பையை எடுக்க அவளுக்குக் கால் மணி நேரம் ஆனது. உள்ளே தேய்க்கும் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. பாதியில் விட்ட வேலையை முடிக்கிறாள் போல என்று நினைத்துக்கொண்டு நம்மவர் வாசலில் நின்று வானத்தைப் பார்த்தார். ஒரு மேகம் படகு மாதிரியே இருந்தது.

தூறல் விழுந்துகொண்டிருந்தது. பெட்ரோல் பங்க் வெளிச்சம் ஈரத் தரையில் மஞ்சளாகக் கரைந்தது. ஏ.டி.எம். முன்னால் யாருமில்லை. மெஷின் ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி நின்றது. ஒன்றும் இருக்காது, பணம் கிடைத்ததும் மூடியைக் கழற்றிக்கொண்டு போயிருப்பான் என்று சொல்லிச் சமாளித்துவிடலாம் என்று நம்மவர் வரும் வழியெல்லாம் மனப்பாடம் செய்திருந்தார்.

மனைவி பையைத் தோளிலிருந்து இறக்கி மெஷினுக்கு முன்னால் வைத்துக்கொண்டாள். கார்டு நுழையும் இடத்தைக் குனிந்து பார்த்தாள். இந்தப் பக்கம், அந்தப் பக்கம். வாய்க்குள் பார்ப்பது போலத்தான் பார்த்தாள். கட்டைவிரலால் ஓரத்தைத் தடவினாள்.

"ஈறு சரியா உட்காரலை" என்றாள். "இது ஒட்டு வெச்சது."

டக்கென்று ஒரு சத்தம். அவள் கையைத் திருப்பிக் காட்டினாள். உள்ளங்கையில் சாம்பல் நிறத்தில் ஒரு மூடி இருந்தது. நடுவில் கார்டு போகிற பிளவு.

நம்மவர் பேந்தப் பேந்த விழித்தார். வாழ்க்கையில் சொன்ன ஒரே பொய், அதுவும் உண்மையாகப் போய்விட்டது. அப்படியானால் திருடன் இருக்கிறான். குடையோடு இந்த ஊரில்தான் எங்கோ நடந்துகொண்டிருக்கிறான். அவருக்கு உடம்பு சிலிர்த்தது. மூடியை வாங்கித் தடவிப் பார்த்தார். வெளிப்பக்கம் சுமார்தான். உள் ஓரம் மட்டும் எங்கும் குத்தாதபடி வழவழவென்று தேய்த்திருந்தது.

"எவ்வளவு மெருகு பாரு" என்றார் நெகிழ்ந்துபோய். "திருடனா இருந்தாலும் யாருக்கும் வலிக்கக்கூடாதுன்னு நினைச்சிருக்கான்."

"ஆமா, நல்ல கைவேலை" என்றாள் அவள். "இப்ப கார்டைக் குடுங்க."

"எதுக்கு?"

"நீங்கதானே சொன்னீங்க, நகல் எடுத்துட்டான்னு. இனிமே அது உங்க பையில இருந்தா எனக்குப் பயமா இருக்கும். பணம் எடுக்கணும்னா நாம ரெண்டு பேரும் வங்கிக்குள்ள போய் எடுப்போம். நீங்க நம்பர் அழுத்துங்க, நான் மறைச்சு நிக்கறேன்."

அவள் சொன்னதெல்லாம் அவர் அந்தத் தாளில் படித்த பாடம்தான். மறுக்க வழியில்லை. கொடுத்துவிட்டார். மூடியை அவளே கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். வங்கியில் கொடுப்பதைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை முழுவதும் நம்மவர் லிப்ட்டின் தலைமேல் குழப்பத்தில் மிதந்தார். பணத்தைத் திருடன் எடுத்திருக்கிறான். அப்படியானால் சலூன்காரருக்குக் கொடுத்த பணம் யாருடையது? இந்த இடத்தில் கணக்கு இடித்தது. கணக்கு இடித்தால் கணக்கை விட்டுவிட்டுக் கனவைத் தொடர்வது அவர் சுபாவம். நீலப் படகில் தானும் பச்சைக் குடைக்காரனும் எதிரெதிரே உட்கார்ந்திருப்பதாகக் கண்டார். அவன் ஒன்றும் பேசவில்லை. மன்னித்துவிட்டேன் என்று நம்மவர்தான் சொன்னார். அவன் குடையைச் சாய்த்து அவருக்கும் நிழல் கொடுத்தான்.

சனிக்கிழமை மாலை வீட்டுக்குள் நுழைந்தபோது மனைவி ஒரு முன்பல்லை விரல் நுனியில் வைத்துக்கொண்டு வாசலை நோக்கி ஓடி வந்துகொண்டிருந்தாள். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. அவள் பல்லை வானத்துக்கு நேராகப் பிடித்துக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். தெரியவில்லை. பெருமூச்சு விட்டு, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு உள்ளே திரும்பினாள். அவர் மேகத்திலிருந்து தரைக்கு வந்தார். வந்த இடம் நன்றாக இல்லை. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார்.

"என்னங்க, உங்க திருடனைப் பத்தித் தகவல் கிடைச்சிருக்கு" என்றாள் அவள்.

அவர் வாய் திறந்தபடியே நின்றது.

"தண்ணின்னா பிரியம்னு சொன்னீங்கல்ல? ஏரிப் பக்கம் விசாரிச்சேன். நம்ம பணத்துல ஒரு படகு வாங்கியிருக்கானாம். நாளைக்குக் காலையில போய்ப் பறிமுதல் பண்ணிட்டு வந்துரலாம்."

"பறிமுதலா? நாமளா?"

"நம்ம பணம்தானே? ஏன், உங்களுக்கு ஏதாவது ஆட்சேபணை இருக்கா?"

அது என் படகு என்றால், அவரே திருடன். என் படகு இல்லை என்றால், படகு போச்சு. இரண்டு பக்கமும் கதவு மூடிய லிப்ட்டில் மாட்டியவர்களை அவர் எத்தனையோ தடவை இறக்கிவிட்டிருக்கிறார். அவரை இறக்கிவிட ஆளில்லை.

"இல்லை" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏரி அசையாமல் கிடந்தது. எதிர்க்கரை மரங்கள் பாதி மூட்டத்தில் கரைந்திருந்தன. தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே ஆரம்பிக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. கரையோரம் நீலப் படகு. கனவில் வந்ததைவிட அழகாக இருந்தது. அதுதான் நம்மவருக்குத் தாங்கவில்லை.

சலூன்காரர் கரையில் உட்கார்ந்திருந்தார். நம்மவர் அவருக்குக் கண்ணால், புருவத்தால், மூக்கால்கூட சைகை காட்டினார். சலூன்காரர் அவர் பக்கமே திரும்பாமல் எழுந்து அந்த அம்மாளைக் கும்பிட்டார்.

"வாங்கம்மா. செட் இப்ப கச்சிதமா உட்காருது. உரசலே இல்லை" என்று சொல்லிச் சிரித்தார். பிறகு மடித்த தாளை அவளிடம் கொடுத்தார். "ரசீது. நீங்க சொன்ன மாதிரியே உங்க பேர்ல எழுதியிருக்கேன்."

அப்போதுதான் நம்மவர் அந்தச் சிரிப்பைப் பார்த்தார். இடது கோரைப்பல் மட்டும் துளி திரும்பியிருந்தது. இயற்கையாகத் தெரியட்டும் என்று அவர் மனைவி எல்லாச் செட்டிலும் அப்படித்தான் வைப்பாள். ஊரில் அப்படிச் சிரிக்கிறவர்கள் அத்தனை பேரும் அவள் வாடிக்கைக்காரர்கள்.

அவள் படகில் ஏறி, கொண்டுவந்த தலையணையைப் போட்டு, சாவகாசமாகப் படுத்துக்கொண்டாள். ஒருவர்தான் படுக்கலாம். நம்மவர் துடுப்பை எடுத்தார். படகு சத்தமில்லாமல் பக்கவாட்டில் நகர்ந்தது. அவள் தண்ணீரில் விரலை விட்டுக்கொண்டு மேகத்தைப் பார்த்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம் விழுந்து அவர் பார்த்து வருடங்களாகியிருந்தன.

"நான் ஒண்ணு சொல்லணும்" என்றார். "திருடன் யாரும் இல்லை. நான்தான்."

"தெரியும்."

"எப்படி?"

"நீங்க படிச்ச அந்த வங்கித் தாளை நானும் படிச்சிருக்கேன். அதே கட்டடத்து ஆறாவது மாடி டாக்டருக்கு செட் குடுக்கப் போறப்ப. கடைசி வரி என்னன்னு படிச்சீங்களா?"

"செடி மறைச்சிருந்துச்சு."

"நான் விலக்கிப் பார்த்தேன். பணம் எடுத்தா உடனே மெசேஜ் வர்ற மாதிரி வெச்சுக்குங்கன்னு போட்டிருக்கு. நீங்கதான் எல்லா இடத்துலயும் என் நம்பரைக் குடுக்கறீங்களே. அன்னிக்கே வெச்சுட்டேன். திங்கக்கிழமை என் போன் அடிச்சுச்சு. செவ்வாக்கிழமை ரெண்டாவது தடவை அடிச்சப்ப, செட் உரசுதுன்னு சலூன்காரர் என் முன்னாடிதான் வாயைத் திறந்துட்டு உட்கார்ந்திருந்தார். திறந்த வாய் மூடறதுக்குள்ள எல்லாத்தையும் சொல்லிட்டார்."

நம்மவர் துடுப்பை நிறுத்தினார். "அப்ப அந்த மூடி? மெஷின்ல இருந்து உன் கையோட வந்துச்சே?"

அவள் பையிலிருந்து கைக்குட்டையைப் பிரித்து மூடியை எடுத்தாள். "மெஷின்ல இருந்து வரலை, பையில இருந்து வந்துச்சு. கால் மணி நேரத்துல செஞ்சது. உள் ஓரத்தைத் தேய்க்காம விட்டா எனக்குக் கை ஓடாது. நீங்க அப்பவே கண்டுபிடிச்சிருவீங்கன்னு பயந்தேன். நீங்க என்னடான்னா திருடனுக்கு நல்ல மனசுன்னு உருகறீங்க."

நம்மவர் முகத்தில் அசடு வழிந்தது. கொஞ்ச தூரம் துடுப்புப் போட்டார். "உன் ஜன்னலை நான் தொலைச்சுட்டேன்" என்றார் கடைசியில். கண் கலங்கியிருந்தது. அது நிஜமான கலக்கம்.

அவள் அவரைப் பார்த்தாள். கோபம் இல்லை. இருபத்திரண்டு வருடம் பழகிய பார்வை.

"தொலையலை. மழைக்காலத்துக்குள்ள வந்துரும். எதிர்க்கரைக்குப் போறவங்க சுத்திப் போக முக்கால் மணி நேரம் ஆகுதாம். படகுல பத்தே நிமிஷம். ஆளுக்கு இவ்வளவுன்னு பேசி வெச்சுட்டேன். வாரத்துல நாலு நாள் சாயங்காலம். ஞாயித்துக்கிழமை காலையில மட்டும் நமக்கு."

நம்மவர் நெஞ்சு லேசானது. இப்படியும் ஒரு மனைவியா என்று பெருமிதத்தோடு ஏரியைப் பார்த்தார். ஜன்னலும் வரும், படகும் இருக்கும், ஞாயிறும் உண்டு. திடீரென்று ஒரு சந்தேகம் வந்தது.

"துடுப்புப் போட ஆள் வேணுமே?"

"அஞ்சு மணிக்கு லிப்ட் வேலை முடிஞ்சுரும்னு சொல்லியிருக்கேன்" என்றாள் அவள் கண்ணை மூடிக்கொண்டு.

இக்கரையிலிருந்து அக்கரைக்கு. அக்கரையிலிருந்து இக்கரைக்கு. லிப்ட்டைப் படுக்கவைத்தால் எப்படி இருக்குமோ அப்படி ஒரு வேலை கண்முன் நீண்டது. கரையில் இரண்டு பேர் நின்று இப்போதே கையைக் காட்டி ஏதோ கேட்டார்கள். எப்போது வரும் என்றுதான் கேட்டிருப்பார்கள். நம்மவர் ஆகாயத்தைப் பார்த்தார். கறுத்த மேகம் ஒன்று மெல்ல ஏறி வந்துகொண்டிருந்தது.

"முதல் சவாரி நாளைக்கு அஞ்சரைக்கு" என்றாள் மனைவி. "மழை வரும் போல இருக்கு, உங்க பச்சைக் குடையை மறக்காம எடுத்துட்டுப் போங்க."